ஜோடியைப் பிரிக்காத அண்ணி

“மீனை மட்டும் குடுங்க” என்று கேட்பவர்களுக்கு அண்ணியின் பதில் ஒன்றுதான்: “எடுத்தா ரெண்டையும் எடுங்க, இல்லேன்னா ரெண்டையும் விடுங்க.” சொல்லிக்கொண்டே வலையை உதறி ஆணியில் மாட்டிவிடுவார். பேரம் முடிந்தது என்று அர்த்தம்.

அண்ணனும் அண்ணியும் நடத்துவது வண்ணமீன் கடை. உப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றில் விரல் நீள மீனும் ஓர் இறாலும் ஒரே வளையில் குடியிருக்கின்றன. வளை தோண்டுவது இறால். அதற்குக் கண் சரியாகத் தெரியாது. வாசலில் காவல் நிற்பது மீன். வெளியே வந்தால் இறால் ஒரு மீசையை மீன்மேல் வைத்தபடியே இருக்கும். மீன் வாலை உதறினால் இரண்டும் உள்ளே ஓடிவிடும். “அதுக்குக் கண்ணு இது, இதுக்கு வீடு அது. பிரிச்சு வித்தா எனக்குச் சோறு எறங்காது” என்பார்.

மீன் செத்தால் அன்று முழுக்க யாருக்கும் முகம் கொடுக்கமாட்டார். கடை நடத்துகிறவருக்கு ஆகிற குணமா இது! அண்ணன் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தானும் ஒரு தம்ளர் குடிப்பார். “ஆளுக்கு ஒண்ணுதானே, தாகமும் ஒண்ணா எடுக்கட்டும்.” அண்ணன் உடம்பில் இப்போது வேலை செய்வது அண்ணியின் சிறுநீரகம்.

கொடுத்திருக்க வேண்டியவன் நான். என்னுடையதுதான் நன்றாகப் பொருந்தியது. பயந்துபோய், “சுகர் இருக்காம், டாக்டர் கூடாதுன்னுட்டார்” என்று வீட்டில் புளுகிவிட்டுக் கழன்றுகொண்டேன். சுகரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அப்புறம்தான் அண்ணி ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்தார்.

ஆறு வருடமாக அவர்கள் கடையில் எனக்குச் சர்க்கரை போடாத டீ. “அவனுக்குப் போட்டுடாதே, பாவம்” என்று அண்ணன் ஒவ்வொரு தடவையும் நினைவூட்டுவார். அந்தப் ‘பாவ’த்தைக் கேட்கும்போதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்னும். தலையைக் குனிந்துகொண்டு குடித்துவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை துணிந்துவிட்டேன். கடையின் பின்னறையில் அண்ணி டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணி, அன்னைக்கு அந்த டெஸ்ட்டுல…”

“ரிப்போர்ட்டை வாங்கப் போனதே நான்தானே” என்றார், நிமிராமல்.

“அண்ணனுக்கு…?”

“தெரிய வேணாம். தம்பி தம்பின்னு உசிரையே வெச்சிருக்காரு. அதையும் பிடுங்கிட்டா மனுசன் தாங்கமாட்டாரு.”

முன்னாலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்: “அவனுக்குச் சர்க்கரை போடலையே?”

“போடலைங்க!” என்று அண்ணி உரக்கச் சொன்னார். சொல்லிக்கொண்டே என் தம்ளரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு, ஸ்பூன் தம்ளரில் இடிக்காமல் மெல்லக் கலக்கினார்.