கிழக்கே பொங்கிய டின்

மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் காஜா பேராங் தெருக்களில் இன்னும் கிழியாமல் தொங்கிக்கொண்டிருந்த நாட்களில், நான் ஓர் அமெரிக்க டீச்சரம்மா வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தேன். அதுவரை தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். விடியுமுன் எழுந்து கொசுக்கடியில் ஓடிய பிழைப்பு போதும் போதும் என்றிருந்தது. ஆனால் என் வீட்டுக்காரர், பால் வெட்டும் கத்தியைத் துணியில் சுற்றி டவுனுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

"எதுக்கும் இருக்கட்டும். வெள்ளைக்காரங்க சமையல் உனக்கு வராட்டி மறுபடி தோட்டந்தான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டீச்சரம்மா அந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்த அன்றே பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்கு மதிய விருந்து வைத்திருந்தார். இத்தாலியிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறியவர் அவருடைய அப்பா. அந்த வழிச் சமையல்தான்: கோதுமை மாவில் நாடா நாடாவாகச் செய்த, சேமியா மாதிரி பட்டையான மீ, அதன்மேல் வெள்ளையாக, கெட்டியாக ஒரு சாஸ். "விருந்து நல்லபடியா முடியட்டும், பிறகு வேலையைப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய்தான்.

அடுப்பைப் பார்த்தேன். கரி படாத புது மண்ணெண்ணெய் அடுப்பு. புது வீட்டில் பால் காய்ச்சாமல் யாராவது சமைப்பார்களா? மேசையில் மாட்டுப் படம் போட்ட டின் ஒன்று இருந்தது. மாடு என்றால் பால்தானே. சட்டியில் ஊற்றி, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு திரியைத் தூண்டினேன். நுரைத்து எழுந்து, கிழக்குப் பக்கமாக ஜம்மென்று பொங்கி வழிந்தது. மனசு குளிர்ந்துவிட்டது.

ஓடிவந்த டீச்சரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அது பால் இல்லையாம். சாஸுக்காகச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த க்ரீமாம். இருந்ததே அந்த ஒரு டின்தான். மிச்சம் அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. எதற்காகப் பொங்கவிட்டேன் என்று சொன்னேன். இன்றுவரை அதைத் தப்பென்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்தக் கத்தி கண்முன் வந்து நின்றது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கோபமா சிரிப்பா என்று தெரியாத குரலில், "எங்க அப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்" என்றார். க்ரீமெல்லாம் அமெரிக்காவில் சேர்த்துக்கொண்டதாம். ரோமாபுரியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒருவர், பிள்ளை பெற்றுச் சோறு இறங்காமல் கிடந்த மனைவிக்காகச் செய்ததுதான் முதல் சாஸாம். அதில் வெண்ணெயும் சீஸும் மட்டுந்தானாம். அப்பா சொன்ன கதை.

அட, பிள்ளை பெற்றவளுக்கான பத்தியச் சாப்பாடா! எனக்கு உயிர் வந்தது. "அப்ப க்ரீம் எதுக்கும்மா? வெண்ணெயை எடுங்க" என்றேன்.

முதலில் சரிப்படவில்லை. வெண்ணெய் உருகித் தனியே ஓட, சீஸ் கட்டி கட்டியாகத் திரண்டது. மீ வெந்த தண்ணீரைக் கொட்டப்போன டீச்சரம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். சோறு வடித்த கஞ்சியை எந்த வீட்டில் கொட்டுவோம்? சட்டியை இறக்கிவைத்து, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அவர் சீஸைத் தூவத் தூவ நான் கிளறினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. திடீரென்று எல்லாம் ஒன்றுசேர்ந்து வழவழவென்று வெளுத்துவிட்டது. இருவரும் சின்னப் பிள்ளைகள் போலக் கத்தினோம்.

வந்தவர்கள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். தலைமையாசிரியை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டார். டீச்சரம்மா என்னைக் கூடத்துக்கு இழுத்துப் போய், இது அசல் ரோமாபுரிச் சாஸ், இதோ இவளும் நானும் செய்தோம் என்று எல்லோரிடமும் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்கும் வா. இனி அது உன் அடுப்பு" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது என் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்து, "என்னா ஆச்சு?" என்றார்.

"பால் பொங்கிருச்சு. அந்தக் கத்தியை எடுங்க, வாசல்ல புல்லு மண்டிக் கிடக்கு" என்றேன்.