வலப்பக்கத்து வலி

என் மனைவிக்கு வலி வந்தது வலப்பக்கம். இடப்பக்கம் வந்திருந்தால் அன்றைக்கே ஆட்டோ பிடித்திருப்பேன். நெஞ்சு என்றால் இதயம், இதயம் என்றால் இடது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவனுக்கு உடம்பைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

முதலில் பேகம்பூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் பழைய மாணவரிடம் போனோம். "வலப்பக்கந்தான சார், பயப்படாதீங்க. கேஸா இருக்கும்" என்று மாத்திரை கொடுத்தார். குஜிலியம்பாறையிலிருந்து வந்த என் அக்காவோ, அக்கி வருவதற்கு முன்னால் இப்படித்தான் ஒரு பக்கமாக வலிக்கும் என்று சொல்லி, அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து முதுகில் கொப்புளம் தேடினாள். கொப்புளம் எதுவும் இல்லை. கடைசியில் ஒரு டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்தில் கோளாறில்லை என்றார். தசைப்பிடிப்பாக இருக்கலாம், விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில் வீக்கம் இருக்கலாம், பித்தப்பையில் கல் இருந்தாலும் அந்தப் பக்கம் வலிக்கும் என்றார். களிம்பு எழுதிக் கொடுத்து, இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

நான் காதில் வாங்கியது முதல் வரியை மட்டும்தான். இதயம் இல்லை. அந்த நிம்மதியில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்டியை நிறுத்தி அவளுக்கு மாதுளை ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன்.

வலி போகவில்லை. இரண்டு வாரம் ஒன்றரை மாதம் ஆனது. மூச்சை இழுத்தால் குத்துகிறது என்பாள், இருமினால் குத்துகிறது என்பாள், அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை என்பாள். எக்ஸ்ரேவை அடுத்த சனிக்கிழமை எடுக்கலாம் என்று நான் தள்ளிக்கொண்டே போனேன். எனக்கு முன்கோபம் வேறு. சாம்பல் புதனுக்கு முந்தின நாள் சாப்பிடும்போது அவள் மறுபடியும் விலாவைப் பிடித்துக்கொண்டாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"எப்பப் பாத்தாலும் வலி வலின்னு... மனுசன் நிம்மதியா ஒரு வாய் சாப்பிட முடியுதா இந்த வீட்ல?"

"சரிங்க, இனிமே சொல்லல" என்றாள். குரலில் கோபமே இல்லை.

மறுநாள் கோவிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். எங்கள் வீடுகளில், அன்று தொடங்கி ஈஸ்டர் வரைக்குமான நாற்பது நாள் தவக்காலத்துக்கு ஆளுக்கொரு ஒறுத்தல் உண்டு. ஒருவர் டீயை விடுவார், ஒருவர் சினிமாவை விடுவார். கறியை விட்டுவிட்டு மீனை இரட்டிப்பாகத் தின்கிற வகை நான். நீ என்ன விடப்போகிறாய் என்று கேட்டேன். "அது எனக்கும் ஆண்டவருக்கும்" என்று சிரித்தாள்.

அதன்பிறகு வலி என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. களிம்பு வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை ஜெபத்தில் பதினான்கு தலங்களிலும் முழங்காலிட்டு எழும்போது பெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். மூட்டுத் தேய்மானம் என்று அதற்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

ஈஸ்டர் அன்று மதியம் குழம்புச் சட்டியை இறக்கும்போது மூச்சு முட்டி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் எக்ஸ்ரே, அதற்கப்புறம் ஸ்கேன். வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. அதற்குக் காரணமாக உள்ளே ஒரு கட்டி இருந்தது.

வலி எத்தனை நாளாக என்று ஸ்கேனைப் பார்த்த புதிய டாக்டர் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "மூணு மாசமா டாக்டர். ஆனா நடுவுல நாப்பது நாள் வலியே இல்ல."

"நிக்கல டாக்டர்" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் சொல்லல, அம்புட்டுத்தான்."

எனக்கு அந்த அறையில் உட்காரவே கூசியது. டாக்டர் பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, அந்த நாற்பது நாளில் பெரிய வித்தியாசம் வந்திருக்காது என்றார். நல்ல மனிதர். அவர் சொன்னதை இன்றுவரை நான் நம்பவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன். "ஏன் இப்புடிச் செஞ்ச?"

"அதைத்தாங்க ஒறுத்தலா ஒப்புக்கொடுத்தேன்."

ஒறுத்தலை ஏதாவது ஒரு வேண்டுதலுக்காக ஒப்புக்கொடுப்பது எங்கள் வழக்கம். பிள்ளையின் வேலைக்காக இருக்கலாம், யாருடைய உடல்நலத்துக்காகவும் இருக்கலாம். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"உங்க கோவம் குறையணும்னுதான். குறைஞ்சிருச்சுல்ல? நாப்பது நாளும் நீங்க ஒரு சத்தம் போடலயே."

சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. அவள் வலியைச் சொல்லாததால்தான் நான் சத்தம் போடவில்லை என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த சாம்பல் புதனுக்கு அவள் இல்லை. ஆண்டவர் தன் வேண்டுதலைக் கேட்டுவிட்டார் என்று கடைசிவரை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.