இருந்தா சொல்லிரும்

அவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் டொய்ங்காரர்தான். நீளக் கம்பின் நுனியில் தட்டு மாட்டிய, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் டொய்ங்கென்று சத்தம் போடுகிற மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் சீட்டைக் கிழிப்பதற்கு முன்பே, "என்ன டொய்ங்காரரே, இன்னைக்கு யார் வீட்டு மோதிரம்?" என்று கேட்பார்.

அதற்கு முன்னால் அவர் லிஃப்ட் மெக்கானிக். முதுகுத்தண்டு மக்கர் பண்ணியதும் கம்பெனி ஒரு சால்வையைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வேலை இல்லாத ஆம்பளை வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அலமாரியை இடம் மாற்றினார், ஓடுகிற மிக்ஸியைக் கழற்றி ஓடாமல் செய்தார். பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதுதான் யாரோ வேண்டாமென்று விற்ற இந்த மெஷினை வாங்கி வந்தார். பக்கத்து வீட்டம்மா செடிக்கு மண் கிளறும்போது தொலைத்த மோதிரத்தை முதல் நாளே எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு லிஃப்ட்டைச் சரிசெய்ததற்காக யாரும் அவரிடம் அழுததில்லை. மனிதர் ருசி கண்ட பூனையாகிவிட்டார்.

பூங்கா, மைதானம், ஏரிக்கரை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார். காசு வாங்கமாட்டார், டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். "ஊரான் மோதிரமெல்லாம் கண்டுபிடிக்கறீங்க, மூக்குக்கண்ணாடி எங்கன்னு மட்டும் என்னைக் கேக்கறீங்க" என்பாள் பெண்டாட்டி. அவருக்குக் கோபமே வராது. மெஷினைத் தட்டிக் காட்டி எல்லாரிடமும் சொல்வது ஒரே வசனம்தான்: "இருந்தா சொல்லிரும்." கொஞ்சம் தலைக்கனம் இருக்கத்தான் செய்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அந்த மெஷினுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஆணியைக் கண்டால் உறுமும், நாணயத்தைக் கண்டால் கீச்சென்று கத்தும். ஆனால் மெல்லிய தங்க மோதிரத்துக்கும், குளிர்பான டப்பாவைத் திறக்கிற வளையத்துக்கும் ஒரே குரல்தான், ஒரே டொய்ங். பட்டனை அழுத்தி அந்தக் குரலை மட்டும் அடைத்துவிடலாம்; குப்பைத் தொல்லை தீரும், தங்கமும் சேர்ந்து போய்விடும். அதனால் டொய்ங்காரர் அந்தப் பட்டன் பக்கமே போகமாட்டார். தங்கம் வேண்டுமென்றால் குப்பையைப் பொறுக்கத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி.

தையல்கடையில் காஜா எடுக்கும் பெண் ஒருத்தி போன் பண்ணினாள். பெண்குழந்தையோடு பூங்காவின் மணல்தொட்டியில் விளையாடியபோது கல்யாண மோதிரம் கழன்று விழுந்துவிட்டதாம். போய்ப் பார்த்தால் ஆள் ஈர்க்குச்சி மாதிரி இருந்தாள். அந்த விரலில் மோதிரம் நின்றிருந்தால்தான் ஆச்சரியம்.

"அண்ணே, சாயங்காலத்துக்குள்ள கிடைக்கணும்" என்றாள். "அவரு வெளியூர்லேருந்து வந்துருவாரு."

"வந்தா என்னம்மா? தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லு."

"அதை நம்புற ஆள் இல்லண்ணே. யாருக்குக் குடுத்தேன்னு கேப்பாரு. பிள்ளையப் பிரிச்சிருவேன்னு ஏற்கனவே சொல்லிக்கிட்டு இருக்காரு."

அவள் புருஷன் ஒரு பெரிய கிடங்குக்கு மேலாளர். அங்கே ஒரு அட்டைப்பெட்டி குறைந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவானாம். வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான்: போனைப் பார்ப்பான், பையைப் பார்ப்பான், தையல்கடைக்கே வந்து எட்டிப் பார்ப்பான். சந்தேகம் என்கிற வியாதிக்கு மருந்து கிடையாது. வந்தவனுக்கு ஒன்றும் ஆகாது, கூட இருப்பவர்களைத்தான் அது தின்னும்.

டொய்ங்காரர் தேட ஆரம்பித்தார். அது மணல்தொட்டியா குப்பைத்தொட்டியா என்று தெரியவில்லை. ஓரடி வைத்தால் ஒரு டொய்ங். ஒவ்வொரு டொய்ங்குக்கும் அந்தப் பெண் ஓடி வந்து மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலை அள்ளினாள். டப்பா வளையம். அவள் முகம் விழுந்துவிடும். மறுபடி டொய்ங், மறுபடி ஓட்டம், மறுபடி வளையம். எத்தனை தடவை ஒரு மனுஷியை இப்படித் தூக்கித் தூக்கிப் போடுவது? ஒரு தடவை கிடைத்தது பளபளவென்று இருந்தது, அவள் "அண்ணே!" என்று கத்தியே விட்டாள். துடைத்துப் பார்த்தால் அதுவும் வளையம்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு, தொட்டிக்குள்ளேயே இருந்த ஊஞ்சலின் கம்பியைப் பிடித்து நின்றாள்.

அவருக்குப் பொறுக்கவில்லை. அவள் பார்க்காதபோது பட்டனை அழுத்தி அந்தக் குரலை அடைத்தார். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கட்டும், டீ குடித்துவிட்டு வா என்று அவளை அனுப்பிவிட்டு, மறுபடி திறந்துகொண்டு முதலிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. அடைத்தபடியே மணல்தொட்டி முழுக்கத் தட்டை வீசி நடந்தார். மெஷின் ஊமையாக வந்தது. அவளும் அமைதியானாள். பாவம், இரக்கப்பட்டுத்தான் செய்தார்.

அவளை டீக்கு அனுப்புவதற்குள் புருஷன் வந்து நின்றான். பஸ் சீக்கிரம் வந்துவிட்டதாம், தையல்கடையில் விசாரித்துக்கொண்டு நேரே இங்கே வந்திருக்கிறான். சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. குரலும் அப்படித்தான், இஸ்திரி போட்ட குரல்.

"நீங்கதான் அந்த மெஷின்காரரா? முழுசாப் பாத்துட்டீங்களா?"

"பாத்தாச்சு சார்" என்று வாய் சொல்லிவிட்டது.

"இருக்கா, இல்லையா?"

இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். குரலை அடைத்துத் தேடினேன் என்று எதிரே நிற்கிறவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. தொழில் தெரியாதவன் என்று நினைத்துவிட்டால்? பழகிய வசனம் தானாக வந்தது.

"இல்ல சார். இருந்தா சொல்லிரும்."

புருஷன் தலையாட்டினான். ஒரு வார்த்தை திட்டவில்லை. பெண்டாட்டியைப் பார்த்து, "வீட்டுக்குப் போலாமா?" என்று மட்டும் கேட்டான். அவள் டொய்ங்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மெஷினை மடக்கிக்கொண்டிருந்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான், அடைத்த குரலைத் திறந்து மறுபடி தேடவே இல்லை என்பது உறைத்தது. "காலையில முதல் பஸ்ஸுக்குப் போறேன்" என்று பெண்டாட்டியிடம் சொன்னார். காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. குனிந்து குனிந்து தோண்டியதில் முதுகு பிடித்துக்கொண்டது. அந்தப் பெண்ணின் போனுக்கு அடித்தார், அணைத்து வைத்திருந்தது. வாரம் முழுக்கக் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்.

எழுந்து நடக்க முடிந்த அன்றைக்கே பூங்காவுக்கு ஓடினார். குரலைத் திறந்து வைத்துக்கொண்டு வந்த குப்பையை எல்லாம் தோண்டினார். ஊஞ்சலுக்குக் கீழே, அவள் அன்றைக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே, மோதிரம் கிடந்தது. எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்த மனிதர், இந்த ஒன்றை மட்டும் மணலைக்கூடத் துடைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் விழுவது ஆனைதான். இங்கே விழுந்தது வேறொருத்தி.

நேரே அவர்கள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். புருஷன்தான் திறந்தான். மோதிரத்தை வாங்கி, உள்பக்கம் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்தான். அவன் பேரின் முதலெழுத்துதான்.

"யார்கிட்டேருந்து வாங்கி உங்ககிட்ட குடுத்து அனுப்புனா?"

"சார், மணல்ல இருந்துச்சு. நானே எடுத்தேன்."

"அன்னைக்கு இருந்தா சொல்லிரும்னு சொன்னது நீங்கதானே? அன்னைக்கு உங்க மெஷின் பொய் சொல்லுச்சா, இன்னைக்கு நீங்க சொல்றீங்களா?"

குரலை அடைத்த கதையை டொய்ங்காரர் கொட்டினார். வளையம், டொய்ங், அவள் முகம், எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் காதுக்கே அது ஜோடித்த கதை மாதிரி கேட்டது. புருஷன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அவளே ஒத்துக்கிட்டா சார். அவ வாயால சொன்னது போன்ல பதிவாகி இருக்கு. இதை அவகிட்டயே குடுத்துடுங்க." மோதிரத்தை அவர் உள்ளங்கையில் வைத்துக் கதவைச் சாத்தினான். உள்ளேயிருந்து, "அப்பா, அம்மாவா?" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

தையல்கடையில் விசாரித்து, அவளுடைய அக்கா வீட்டைக் கண்டுபிடித்துப் போனார். மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மோதிரத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கையை மட்டும் நீட்டவில்லை.

"எம்மேலதாம்மா தப்பு" என்றார். "ஆனா நீ ஏம்மா ஒத்துக்கிட்டே? செய்யாததை ஏன் ஒத்துக்கிட்டே?"

"உண்மையச் சொன்னா பிள்ளைய உன்கூட விட்டுடறேன்னாரு. மணல்லதான் விழுந்துச்சுன்னேன். மெஷின்காரரே இல்லன்னுட்டாரேன்னாரு. விடியற வரைக்கும் அதையே கேட்டாரு. நீங்க அவ்வளவு உறுதியா சொன்னதுல, எங்கயாவது கழட்டி வெச்சேனோன்னு எனக்கே குழப்பமா போச்சு. கடைசியில ஆமா, ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்னேன். அதை உடனே நம்பிட்டாரு."

அவள் சட்டையை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"யாருக்குன்னு கேட்டாரு. வாயில வந்த பேரைச் சொன்னேன். அப்படி ஒரு ஆளே கிடையாதுண்ணே. இப்போ ஊரெல்லாம் அந்த ஆளைத் தேடிக்கிட்டு இருக்காரு. அவனைக் கொண்டுவந்து நிறுத்துற வரைக்கும் பிள்ளையக் கண்ணுல காட்டமாட்டாராம்."