ஒளித்துப் பிடித்த நோன்பு

நோன்பு காலத்தில் ஒளித்துச் சாப்பிடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒளித்து நோன்பு பிடித்த மடையனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அது நான்தான். அதுவும் எப்போது? கன்னத்துப் புற்றுக்குக் கரண்ட் என்கிற கதிர்ச் சிகிச்சை பிடித்து முடித்து, ஆறு வேளை சாப்பிடு, நாள் முழுக்கத் தண்ணீர் குடி என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பி, இரண்டே மாதம் ஆகியிருந்தபோது.

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்முனை பசாரில், இடுப்பில் கட்டுகிற சாரன் விற்கும் கடை வைத்திருந்தேன். சாரன் விற்க வாய் வேண்டும். எனக்கு அது தேவைக்கு மேலேயே இருந்தது. பேசாத நேரத்தில் அது வெற்றிலையும் புகையிலையும் மென்றது. இருபத்தைந்து வருடம் இடது கன்னத்துக்குள் ஓர் உருண்டையை ஒதுக்கி வைத்துக்கொண்டே வியாபாரம் பார்த்தேன். நோன்பு மாதம் வந்தால் கடையின் பின்பக்கம், சாரன் கட்டுகளுக்கு நடுவில் குந்திக்கொண்டு வாழைப்பழமும் பணிஸும் தின்பேன். பிறகு வாயைத் துடைத்து, முகத்தை வாட வைத்துக்கொண்டு வெளியே வந்து, "இண்டைக்கு வெயில் கொஞ்சம் கூடத்தான்" என்பேன். சாரன் வாங்க வந்தவர்கள் எனக்காகப் பரிதாபப்படுவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தக் கன்னத்துக்குள் ஓர் ஆறாத புண் வந்தது. கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல், கிடந்தேன். வீட்டுக்குப் புறப்பட்ட அன்று டொக்டர் ஒரு கட்டுத் தட்டையான ஐஸ்பழக் குச்சியை என் கையில் தந்தார். மட்டக்களப்புப் பக்கத்துப் பெண், சிரிக்கவே மாட்டார்.

"கரண்ட் பட்ட தசை இறுகும். சும்மா விட்டா வாய் பூட்டிக்கொள்ளும்," என்றார். "முன்பல்லுக்கு நடுவில குச்சிகள அடுக்கி வெச்சி, ஒரு நாளைக்கு ஆறு தரம் திறந்து பழகணும். அதுக்கு முந்தி உப்பும் அப்பச்சோடாவும் போட்ட தண்ணியால கொப்பளிக்கணும். இப்ப பதினொரு குச்சி போகுது. குறைய விடாதீங்க. வாய் பூட்டினா உங்களுக்குச் சாப்பிடவும் ஏலாது, உள்ளுக்கு என்ன நடக்குது எண்டு எங்களுக்குப் பாக்கவும் ஏலாது."

இரண்டு மாதம் நல்ல பிள்ளையாக இருந்தேன். வெற்றிலை வட்டாவை மனைவி எங்கேயோ கொண்டுபோய்த் தொலைத்துவிட்டாள். முட்டை அடித்து ஊற்றிய கஞ்சி, முள் நீக்கிப் பிசைந்த மீன், பப்பாசிப்பழம் என்று மணி பார்த்துத் தந்தாள். மாரி மழை தொடங்கியது. மழையோடு நோன்பும் வந்தது.

பிறை கண்டதாகப் பள்ளி ஒலிபெருக்கியில் சொன்னபோது நான் கண்ணாடிக்கு முன்னால் குச்சிகளைப் பல்லில் செருகிக்கொண்டு நின்றிருந்தேன். கண்ணாடியில் தெரிந்த அந்த வாயைப் பார்த்ததும் ஒரு பயம் பிடித்தது. நோன்புகளைத் தின்ற வாய் இதுதான். புண் வந்த வாயும் இதுதான். இந்த ஒரு மாதத்தை ஒழுங்காகப் பிடித்துவிட்டால் அது திரும்பி வராது என்று எனக்குள் தீர்மானித்துக்கொண்டேன். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்பது எனக்குத் தெரியும். மௌலவியிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்றுதான் கேட்கவில்லை.

மனைவி நோன்போடு இருந்துகொண்டே எனக்குக் கஞ்சி காய்ச்சி, குசினிக்குப் பின்னால், தெருவுக்குத் தெரியாத இடத்தில் வைத்துவிட்டுப் போவாள். வேலிக்கு அந்தப் பக்கம் என் சகலன், அதாவது அவளுடைய தங்கையைக் கட்டியவர், ஓர் ஆடு கட்டியிருந்தார். கஞ்சி முழுவதும் வேலிக்கு மேலால் அந்த ஆட்டின் சட்டிக்குப் போனது. தண்ணீர் வாழை அடிக்குப் போனது. உறிஞ்சிக் குடிக்கிற சத்தத்தை மட்டும் நான் போட்டேன். சாப்பிட்டுவிட்டுப் பட்டினி போல நடித்த பழக்கம் இருந்ததால், பட்டினி கிடந்துவிட்டுச் சாப்பிட்டது போல நடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை.

கொப்பளித்தால் ஒரு சொட்டுத் தொண்டைக்குள் இறங்கி நோன்பு முறிந்துவிடுமோ என்று பகலில் கொப்பளிப்பதை விட்டேன். காய்ந்த வாயில் குச்சி வைத்தால் கடைவாய் கிழிந்தது. அதனால் குச்சியையும் நோன்பு திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினேன். நோன்பு திறந்த பிறகு களைத்துப் படுத்துவிடுவேன்.

முதல் கிழமை பத்துக் குச்சி. இரண்டாம் கிழமை எட்டு.

"எத்தின போகுது?" என்று மனைவி குசினிக்குள்ளிருந்து கேட்பாள்.

"பதினொண்டு!"

பிறகு ஒருநாள் கொட்டாவி பாதியில் நின்றது. விடவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. யாரோ உள்ளே இருந்து கதவைச் சாத்திக்கொண்டு வருவது போல இருந்தது. காதுக்குக் கீழே ஒரு நோவு வந்து தங்கிவிட்டது. பேரீச்சம்பழத்தை நாலாய்ப் பிய்த்து, ஒவ்வொரு துண்டாக உள்ளே தள்ளினேன். வாயைத் திறந்து சிரிக்க முடியாததால், நோய் வந்த பிறகு நான் பக்குவப்பட்டுவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். நாள் முழுக்க மழை பெய்தது. கடல் இரைகிற சத்தம் பகலிலும் வீடு வரை கேட்டது. கடையைத் திறக்காமல் வாயை மூடிக்கொண்டு அதைக் கேட்டபடி கிடந்தேன்.

நோன்பின் கடைசிப் பத்து நாள் தொடங்கிய பிறகு ஒரு காலையில் சகலன் வேலியால் எட்டிப் பார்த்தார். என்னை அண்ணன் முறையில் காக்கா என்பார்.

"காக்கா, இந்த ஆட்டுக்கு என்ன குடுத்தீங்க? குழை போட்டா மணந்தும் பாக்குதில்ல. விடிஞ்சா ஒங்கட வேலியில வந்து நிண்டு கத்துது. உடம்பப் பாருங்க, மாப்பிள்ளை மாதிரி இரிக்கி."

"என்ட கதையில மயங்கிற்று போல," என்றேன்.

மனைவி குசினி வாசலில் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை; ஆட்டைப் பார்த்தாள். அதன் தாடியில் முட்டை மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. சகலன் மெல்லத் தலையை இழுத்துக்கொண்டார்.

உள்ளே போய்க் குச்சிக் கட்டை எடுத்து வந்தாள்.

"வைங்க."

"நோன்பு தொறந்த பொறகு..."

"இப்ப வைங்க."

ஐந்து போனது. ஆறாவது பல்லில் முட்டி நின்றது. அவள் அதைத் தன் கையில் வாங்கி, மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள். போகவில்லை.

"நேத்து பதினொண்டு எண்டீங்க."

"நேத்து மழ கொறவு, புள்ள."

அவள் சிரிக்கவில்லை. "கடையில ஒளிச்சித் திண்டதும் எனக்குத் தெரியும். சாரன் தோய்க்கக்குள்ள மடியெல்லாம் பணிஸ் தூள்."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கல்ல?"

"அது ஒங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள விஷயம். இது எனக்கும் உள்ள விஷயம்." கோப்பைத் தண்ணீரை நீட்டினாள். "பிஸ்மி சொல்லிக் குடிங்க."

காலை பத்து மணிக்கு, மழை பார்த்துக்கொண்டிருக்க, குடித்தேன்.

அதற்குப் பிறகு நாளுக்கு ஆறு தரமும் அவள் முன்னால் இருந்துதான் கொப்பளிப்பும் குச்சியும். ஆறாவது குச்சி பெருநாளுக்கு முதல் நாள்தான் போனது. ஏழாவது போகவே இல்லை. இதற்கிடையில் இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். நாக்கு நுனியை வளைத்துத் தடவினால், இடது கன்னத்தின் கடைசியில் ஏதோ தடித்துக் கிடந்தது. முன்பு இருந்ததா, புதிதா என்று தெரியவில்லை. கண்ணாடியில் பார்க்க வாய் இடம் தரவில்லை. அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அவள் என் கன்னத்தில் நாக்கு அலைகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெருநாள் கழிந்து அதே ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்குப் போனோம். வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதித்தார்கள். குச்சிக் கட்டைக் கண்ட ஆமிக்காரன் உடைந்த தமிழில், "ஐஸ்பழம் எங்க?" என்று கேட்டான். வேறு நாளாக இருந்தால் அவனுக்கு நல்ல பதில் ஒன்று கிடைத்திருக்கும்.

என்னோடு வார்டில் கிடந்த திருக்கோவில் ஊர் வயல்காரர் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்தார். நான் வாயெடுக்க முன்பே சிரிக்கிறவர். மூக்குக்குள் ஒரு குழாய் போயிருந்தது. அதைப் பிளாஸ்டரால் கன்னத்தில் ஒட்டியிருந்தார்கள். ஒரு பகிடி சொன்னேன். கண் மட்டும் சிரித்தது. பிறகு வாயைத் தொட்டு, சாவியைத் திருப்புவது போலக் காட்டினார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆ எண்டுங்க," என்றார் டொக்டர்.

சொன்னேன். டோர்ச் வெளிச்சம் பல்லிலேயே நின்றுவிட்டது. நாக்கை அமுக்குகிற தகட்டைக் குறுக்காகவும் நெடுக்காகவும் வைத்துப் பார்த்தார். டோர்ச்சை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து கன்னத்தையும் கழுத்தையும் விரலால் நீண்ட நேரம் அமுக்கினார். நோன்பையும் ஆட்டையும் அதன் தாடியையும் சொன்னேன், சிரிப்பார் என்று. சிரிக்கவில்லை. கன்னத்துக்குள் தடித்துக் கிடப்பதையும் கடைசியில் சொன்னேன். பின்னால் நின்ற மனைவி ஓரடி முன்னால் வந்தாள்.

"டொக்டர், மெய்யச் சொல்லுங்க. அது திரும்பி வந்திட்டா?"

"ரெண்டு கிழமையில பத்துக் குச்சி போற வாயோட வாங்க, பாத்திட்டுச் சொல்லுறன்."