குருவியின் முதுகில் ஒரு கோடு

மகளின் பள்ளியில் இன்று கண்காட்சி. தலைப்பு, 'பறவைகளுக்கு உதவுவோம்'. பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து கொண்டுவர வேண்டும் என்று வாட்ஸப்பில் இரண்டு முறை கண்டிப்பு வேறு.

மூன்றாவது படிக்கும் என் மகள் களிமண்ணில் ஒரு தண்ணீர்க் கிண்ணம் செய்தாள். பக்கத்துத் தெரு பொம்மை யூனிட்டில் அவர்கள் சரக்கோடு வைத்துச் சுட்டுக் கொடுத்தார்கள். கோணல்தான். விளிம்பு முழுக்க அவள் விரல் பதிந்திருக்கிறது. ஆனால் தண்ணீர் நிற்கிறது. நேற்று ஒரு மைனா வந்து குடித்துவிட்டுப் போனது.

முதல் பரிசு ஒரு பீங்கான் குருவிக்கு!

பளபளவென்று பெயின்ட். தலையிலிருந்து வால்வரை நடுமுதுகில் ஒரு கோடு. அச்சில் வார்க்கும் பொம்மைக்கு இரண்டு பாதியும் சேரும் இடத்தில் விழுகிற கோடு. பீங்கான் பொம்மைக்குப் பேர்போன எங்கள் விருத்தாசலத்தில் பால்குடிப் பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

"இது என்னங்க மிஸ், கோடு?" என்று கேட்டேன்.

டீச்சர் வாயைத் திறப்பதற்குள், பரிசு வாங்கிய பையனின் அப்பா முந்திக்கொண்டார். "அது டிசைனுங்க. பையன் ஒரு வாரமா சரியா தூங்கவே இல்ல."

துளி வெட்கமில்லை.

"சரி, எம்பொண்ணு செஞ்சதுல என்னங்க கொறை?"

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பாக்கறதுக்கு அப்படியே கொழந்த செஞ்ச மாதிரி இருக்குதுங்க."

மூன்றாம் வகுப்பில் முதலிடம் பிடித்த அந்த அப்பாவுக்கு வாழ்த்துகள்.

உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் எந்த அப்பா, எந்த அம்மா பரிசு வாங்கினார்கள்? படத்தோடு போடுங்கள். கோடு எங்கே இருக்கிறதென்று நான் சொல்கிறேன்.