அப்பா ஆறவிட்ட சாயா

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்தவர். கடற்படை விமானியாக இருந்து ஓய்வு பெற்று, மட்டாஞ்சேரிக்கே திரும்பினார். அம்மா மறைந்த பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாகவே இருந்தார். "நான் வந்து கூட இருக்கட்டுமா?" என்று கேட்டால், "எனக்கென்ன கேடு?" என்பார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அப்பா வீட்டில் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று: தமக்காக யாரும் சாப்பிடாமல் இருக்கக் கூடாது. கல்லூரி நாட்களில் ஒருமுறை இலை போட்டுக் காத்திருந்தேன். தாமதமாக வந்தவர், மகள் என்றும் பாராமல் என்மேல் சீறி விழுந்தார்.

"எனக்காக ஆரும் காத்துண்டிருக்கப்படாது, மோளே. கேட்டியா?"

நான் அழுததைக் கண்டு, பிறகு அவரே காரணத்தைச் சொன்னார்.

அது போர்க்காலம். விமானத்தைக் கப்பலில் இறக்கும் பயிற்சியை அவசர அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது. கப்பலின் தளமோ சின்னது. அதுவும் அலையோடு ஏறி இறங்கும். விமானத்தின் வாலில் உள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய இரும்பு வடத்தைப் பற்ற வேண்டும். பற்றாமல் போனால் மறுபடி எழும்ப வேண்டுமே என்று, சக்கரம் தளத்தைத் தொட்ட கணமே இயந்திரத்தை முழு விசைக்குத் தள்ளுவார்களாம்.

அப்பாவும் அவருடைய நண்பரும் ஒன்றாகப் பயின்றவர்கள். முதலில் இறங்கியவர் மற்றவருக்கும் சாயா வாங்கி வைத்துக் காத்திருப்பது வழக்கம். அன்று அப்பா முதலில் இறங்கினார். நண்பரின் கொக்கி வடத்தைப் பற்றவில்லை. எழும்ப விசையும் போதவில்லை. விமானம் தளத்தைத் தாண்டிக் கடலுக்குள் போயிற்று.

"சாயா ஆறினப்பறமும் கையிலயே வச்சுண்டு நின்னேன்" என்றார். மறுநாள் பயிற்சி வழக்கம்போல நடந்தது. அப்பாவும் பறந்தார்.

அதன்பின் அவர் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. எங்களையும் எட்டவே வைத்திருந்தார். அது எங்களுக்கு வலித்தது, மறைப்பதற்கில்லை.

எர்ணாகுளத்தில் மருத்துவமனையில் கிடந்தபோதும் "நீ ஆத்துக்குப் போ" என்று விரட்டிக்கொண்டே இருந்தார். ஒரு மாலை மருந்து வாங்கக் கீழே போனேன். வரிசையில் நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால், மேசைமேல் இரண்டு கோப்பை சாயா, இரண்டும் தொடாமல், மூடி வைத்தபடி.

"குடிச்சிருக்கலாமேப்பா, ஆறிப்போயிடுத்தே!"

"போட்டும். நீ வா."

ஆறிய சாயாவை இருவரும் குடித்தோம். மறுநாள் காலையில் அப்பா காலமானார்.

தினமும் வாசலில் நின்று அவரை நலம் விசாரித்த அண்டை வீட்டாருக்கும், போர்ட் கொச்சியிலிருந்து வந்து தோள் கொடுத்த பழைய கடற்படைத் தோழர்களுக்கும் எங்கள் நன்றி. அந்த மாலை சாயா கொண்டுவந்த கேன்டீன் சேச்சிக்குத் தனியாக ஒரு நன்றி. ஒருவருக்கு ஒன்று போதாதா என்று அவர் கேட்டதற்கு அப்பா சொன்னாராம்: "ரெண்டு வேணம். மோள் இப்போ வரும்."