வேலிக்கு அந்தப் பக்கம் முளைத்த பந்தக்கால்

இந்த ஊரில் ஒருவர் காலையில் கதவைத் தட்டி, "இது உங்களுடையது என்று நினைக்கிறேன்" என்று புன்னகையோடு எதையாவது நீட்டினால், அவர் கடுங்கோபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருபத்தாறு வருஷம் தாதியாக வேலை பார்த்தும் எனக்கு இது உறைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஜூடித் நீட்டியது ஒரு மூங்கில் குருத்து. அவர் புல்தரையில் முளைத்ததாம். நான் நன்றி சொல்லி வாங்கி, நம் ஊர் மாதிரி தேங்காய்ப்பாலும் மஞ்சளும் போட்டுச் சமைத்து, சாயங்காலமே ஒரு கிண்ணத்தில் அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது, கூடவே ஒரு கடிதமும். அவர் வீட்டை விற்கப்போகிறார். பார்க்க வருகிறவர்கள் மூங்கிலைக் கண்டதுமே கிளம்பிவிடுகிறார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் அதை வேரோடு அகற்ற வேண்டும். என் மகள் ஷாமினிக்குச் செப்டம்பர் முதல் வாரம் கல்யாணம்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இரண்டுக்கும் உள்ள தொடர்பை விளக்க வேண்டியதில்லை. நான் கெர்லிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் முதல் வேலை பந்தக்கால் நடுவதுதான். பச்சை மூங்கிலாக இருக்க வேண்டும், நுனியில் இலை இருக்க வேண்டும். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, குழியில் பால் ஊற்றி, பெண்ணின் தாய்மாமன் கைபிடித்து நட வேண்டும். ஆண்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆற்றோரம் போய் வெட்டி வருவார்கள். அங்கே ஒரு பெரிய மூங்கில் குத்து இருந்தது. அப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் அதே இடத்தில் நின்றதாம். நான் விமானம் ஏறிய வருஷமும் அங்கேயேதான் நின்றது. லயத்தை நோக்கி ஒரு அடி நகர்ந்ததில்லை.

அந்த நம்பிக்கையில்தான் எட்டு வருஷத்துக்கு முன், பனியைத் தாங்கும் என்று அட்டை தொங்கிய ஒரு கன்றை வாங்கி வேலியோரம் வைத்தேன். மகள் கல்யாணத்துக்கு ஒரு நாள் உதவும் என்ற கணக்கு. அண்ணனுக்குப் போன் போட்டு யோசனை கேட்டேன். அவர் இன்னும் கெர்லிங்கில்தான் இருக்கிறார், ரவாங் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வருகிறார்.

"தண்ணி நெறையா ஊத்தும்மா. கோழி எருவு போடு. மூங்கிலு என்னா செஞ்சிரப் போவுது? வெச்ச எடத்துலதான் நிக்கும்லா!"

ஊற்றினேன், போட்டேன். இரண்டு குளிர்காலம் பனிக்கடியில் தலை குனிந்து கிடந்தது. பிறகு கிளம்பியது பாருங்கள். குளிர்தேசத்து மூங்கிலில் ஓடுகிற ஜாதி ஒன்று உண்டாம். குத்தாக நிற்காமல் மண்ணுக்கடியிலேயே போய், நினைத்த இடத்தில் தலை நீட்டும். தடுக்க வேண்டுமென்றால் நடும்போதே சுற்றிலும் கனமான பிளாஸ்டிக் தகடு புதைக்க வேண்டும். எல்லாம் அந்த அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. மூங்கில் வளர்க்க எனக்கு ஒரு அட்டை சொல்லித்தர வேண்டுமா என்ற திமிர்தான், வேறென்ன. என்னைப் போல இந்தப் பக்கம் வந்து குடியேறியவர்களுக்குச் சொல்கிறேன், அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

கல்யாணம் வரைக்கும் ஒரே ஒரு கழியை விட்டுவைக்கிறேன் என்று ஜூடித்திடம் கெஞ்சினேன். "மூங்கிலில் ஒன்று என்பதே கிடையாது" என்றார். உண்மைதான், அதனால் எரிச்சல் இன்னும் கூடியது. முன்னாலேயே வெட்டி வைத்தால் இரண்டு நாளில் இலை சுருண்டுவிடும். "மா, ஒரு ஸ்டிக்குக்கு இவ்ளோ டிராமாவா? ஆன்லைன்ல வாங்கிக்கலாம்" என்றாள் ஷாமினி. வந்து சேர்ந்தது தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுக்கும் காய்ந்த குச்சிக்கட்டு. இதற்கு நடுவில் அண்ணனுக்கு முழங்கால் ஆப்பரேஷன். விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தாய்மாமன் நானே வர முடியல. மூங்கிலாச்சும் பச்சையா இருக்கட்டும்மா."

ஆகஸ்ட் கடைசியில் இயந்திரம் வந்து என் தோட்டத்தைப் புரட்டிப் போட்டது. எட்டு வருஷம் எரு போட்டு வளர்த்ததை அரை நாளில் அள்ளிப் போய்விட்டார்கள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

மறுநாள் மாடி ஜன்னலில் நின்றபோதுதான் பார்த்தேன். ஜூடித்தின் கொட்டகைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், நெடுநெடுவென்று ஒரு கழி. நுனியில் கொத்தாகப் பச்சை இலை. என் மூங்கிலை நானே போய்ப் பிச்சை கேட்டேன்.

"இதோடு முடிந்ததா?" என்றார் ஜூடித்.

"முடிந்தது."

அவரே ரம்பம் எடுத்து அறுத்து வேலிக்கு மேலாக நீட்டினார், அடிக்கட்டையைக் கையோடு தோண்டியும் எறிந்தார். புன்னகைத்தார். இந்த முறை நிஜமான புன்னகை என்றுதான் நினைக்கிறேன், சத்தியம் செய்ய மாட்டேன்.

அடுத்த நாள் காலை நல்ல நேரம். புல்தரையில் குழி தோண்டி, கைப்பேசியைப் பூந்தொட்டியில் சாய்த்து வைத்தோம். கெர்லிங்கில் அப்போது பிற்பகல். அண்ணன் புது வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு, கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஷாமினி பால் ஊற்றினாள். நான் கழியைக் குழியில் இறக்கினேன். அந்த நேரம் பார்த்துத் தேநீர்க் கோப்பையோடு வேலியோரம் வந்தார் ஜூடித்.

"மறுபடியும் நடுகிறீர்களா?" குரல் நடுங்கிவிட்டது அவருக்கு.

"இல்லை, இல்லை. இதற்கு வேர் கிடையாது. எத்தனை நாள் நின்றாலும் இந்த மண்ணில் பிடிக்காது. கல்யாணம் முடிந்ததும் எடுத்துவிடுவேன்."

"நிச்சயமாக?"

"நிச்சயமாக" என்றேன். இருபத்தாறு வருஷம் இந்த மண்ணில் நின்றவளுக்கு அதைச் சொல்வது ஏன் கசந்தது என்று அவருக்கு எப்படி விளக்குவது?

"யாரும்மா அது? என்னா சொல்லுறாங்க?" என்றார் அண்ணன் கைப்பேசியிலிருந்து.

"ஒண்ணும் இல்லண்ணே."

"சரி, நல்லா ஆழமா எறக்கு. ஆடக் கூடாது. மண்ண நல்லா மிதிச்சு விடு."

அண்ணனுக்காக மிதித்தேன். ஜூடித் பார்த்துக்கொண்டே நின்றார், அதனால் ரொம்ப அழுத்தி மிதிக்கவில்லை.